ஈரப் பகுதி

பெரிய சலவை இயந்திரம் கடைசிச் சுற்றை முடித்து, உறுமல் அடங்கி நின்றது. வாத்தக்கா அதன் கதவை இடுப்பால் இடித்துத் திறந்தாள். ஓட்டல் படுக்கை விரிப்புகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, பிரிக்கவே முடியாது என்பதுபோல் இறுகிக் கிடந்தன. தோள் வரை உள்ளே விட்டு ஒரு முனையைத் தேடிப் பிடித்து, பின்னால் சாய்ந்து இழுத்தாள். முதல் விரிப்பு அசைந்ததும் மற்றவை அதன் பின்னாலேயே சரிந்து தள்ளுவண்டிக்குள் விழுந்தன. பழைய இயந்திரம், முழுதாகப் பிழியாது. தண்ணீர் அவள் மார்பில் கட்டியிருந்த ரப்பர் ஏப்ரனில் வழிந்து, பூட்ஸுக்குள் இறங்கி, தரையில் ஓடியது.

முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு தேங்கிய தண்ணீரில் அவள் நடக்கும் நடையைப் பார்த்து யாரோ வைத்த பெயர்தான் வாத்தக்கா. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வாத்து எங்கேயாவது நனைந்து பார்த்திருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சிரிப்பாள். புதிதாக வரும் பெண்களுக்குச் சோப்புத் தூள் அளவு சொல்லிக் கொடுப்பதும், யாருக்காவது இடுப்புப் பிடித்துக்கொண்டால் அவர்கள் வண்டியையும் சேர்த்துத் தள்ளுவதும் அவள்தான்.

ஈரப் பகுதிக்கும் மடிப்புப் பகுதிக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர். சூப்பர்வைசர் ஷூ நனையாமல் அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டார். மடிப்பில் ஓர் இடம் காலியாகியிருந்தது. நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, கூலியும் கூடுதல். எத்தனையோ வருடங்களாக அவர் கேட்பதும் அவள் மறுப்பதும் நடந்துகொண்டிருந்தது. இந்த முறையும் வேண்டாம் என்றாள்.

"தண்ணியில உங்களுக்கு என்னதான் இருக்குன்னு எனக்குப் புரியல," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

தண்ணீரில் அவளுக்கு இருந்தது இதுதான்: இங்கே எல்லோரும் நனைந்திருந்தார்கள்.

பிறந்ததிலிருந்து அவளுக்குச் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மற்றவர்களைப் போலத்தான் கழிப்பறைக்குப் போவாள், மற்றவர்களைப் போலத்தான் வருவாள். வந்த பிறகும் சொட்டும். நடந்தாலும் படுத்தாலும் சொட்டும். துணியை மடித்து வைத்து, அதை மாற்றி, அலசி, காயப்போட்டு, மறுபடி மடித்து வைத்து அவளுடைய நாட்கள் போயின. முதலில் ஓட்டலில் பாத்திரம் கழுவினாள். பிறகு கார் கழுவும் இடம். அதன் பிறகு இந்தச் சலவைக்கூடம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வருவாள். நிற்பதுதான் காலுக்கு நல்லது என்பாள்.

கல்யாணமும் நடந்தது. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மாமியார் ஒருநாள் காலையில் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, தெருவே பார்க்கும்படி வாசலில் சாய்த்து வைத்தாள். வாத்தக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தாள். தம்பி எதுவும் கேட்கவில்லை. சமையலறையை ஒட்டி ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடத்தை ஒழித்து, பக்கத்திலேயே ஒரு குழாயும் இழுத்துக் கொடுத்தான். குழாய் வேலைதான் அவனுக்குத் தொழில். பின்னால் அவனுக்குக் கல்யாணமாகி மனைவி வந்தாள், மகள் பிறந்தாள். அக்காவின் இடம் அப்படியே இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை அவளுக்குத் துணி எடுத்து வருவான். கருநீலம், கறுப்பு, அடர்பச்சை. வெளிர் நிறம் ஒன்றுகூட அவன் எடுத்ததில்லை.

மகளுக்கு வீட்டில் சுண்டு என்று பெயர். அவள் நடை பழகிய காலத்திலேயே வாத்தக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கழிப்பறையில் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டு வந்த குழந்தைக்குப் புது ஜட்டி போட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அது நனைந்திருந்தது. அதைக் கழற்றி அலசிக் காயப்போட்டாளே தவிர, யாரிடமும் சொல்லவில்லை. சின்னக் குழந்தைதானே, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். வாத்தக்காவைப் பற்றி அவளுடைய அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், சாகும் வரைக்கும்.

சுண்டு பள்ளிக்கூடம் போகிற வயதிலும் அது சரியாகவில்லை. தம்பி மனைவி சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திப் பார்த்தாள். திட்டிப் பார்த்தாள். சில நாள் முதுகில் ஒன்று வைத்தும் பார்த்தாள். தெருமுனை டாக்டர், இது பழக்கம், சோம்பேறித்தனம், கண்டிப்பாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் சுண்டுவை பெஞ்சிலிருந்து எழுப்பி, கதவோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். துடைக்கச் சுலபம் என்று டீச்சர் காரணம் சொன்னார்.

ஒரு விடுமுறை நாளில் வாத்தக்கா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது சுண்டு பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அத்தை, உனக்கு மட்டும் எப்படி யாருக்கும் தெரியாம இருக்கு?"

வாத்தக்கா அலசுவதை நிறுத்தவில்லை. மறுக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். துணியை எப்படி மடிக்க வேண்டும், எந்த நிறம் போட வேண்டும், வரிசையில் ஏன் கடைசியில் நிற்க வேண்டும் என்றெல்லாம். கடைசியாக, தான் கண்டுபிடித்ததிலேயே பெரிய தந்திரத்தையும் சொன்னாள்.

"தண்ணி பாட்டிலைத் திறந்து மடியில கொட்டிக்கோ. கை தவறிடுச்சுன்னு சொல்லிடு. தண்ணி கொட்டினதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க."

சுண்டுவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மறுநாள் கொட்டிக்கொண்டாள். அதற்கடுத்த நாளும் கொட்டிக்கொண்டாள். வாரம் முழுக்கக் கொட்டிக்கொண்டதும் டீச்சர் பாட்டிலைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பாட்டில் போனதும் சுண்டு தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள்: தண்ணீரே குடிக்காவிட்டால் வருவதற்கு ஒன்றுமில்லை. வீட்டிலும் தம்ளரை வாங்கி, யாரும் பார்க்காத நேரத்தில் தொட்டியில் ஊற்றினாள். ஒருநாள் மதியம் வகுப்பிலேயே சுருண்டு விழுந்தாள். உடம்பு அனலாகக் காய்ந்தது. சிறுநீரில் கிருமி என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள்.

காய்ச்சல் இறங்கிய பிறகு, இந்த மாதிரிக் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பினார்கள். தம்பி ஒரு வீட்டில் உடைந்த குழாயை அடைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தான். அம்மாவும் அத்தையும்தான் கூட்டிப் போனார்கள். நீளமான வராந்தாவில் பெஞ்சுகள் போட்டிருந்தன. தம்பி மனைவி சுண்டுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாத்தக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். இந்த ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாட்டிலைக் கொட்டச் சொன்னது தான்தான் என்பதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சுண்டுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

டாக்டர் தடித்த கண்ணாடி போட்ட பெண். கடுமையான சளி பிடித்திருந்தது. பேச்சுக்கு நடுவே மூக்கைத் துடைத்துக்கொண்டார். பழைய சீட்டுகளைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். தம்பி மனைவி வழக்கமான பதிலை ஆரம்பித்தாள். எந்நேரமும் ஈரம்தான், எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை, எழுந்து போகச் சோம்பல். டாக்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளை பாத்ரூமுக்கு ஒழுங்காகப் போகிறாளா என்று கேட்டார். போகிறாள் என்றதும், போய்விட்டு வந்த உடனேயும் ஈரமாகிறதா என்று கேட்டார். தம்பி மனைவிக்கு அது தெரியவில்லை. அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை.

"ஒழுங்காத்தான் போறா டாக்டர்," என்றாள் வாத்தக்கா. கதவுப் பக்கம் நின்றிருந்தவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "போயிட்டு வந்த அடுத்த நிமிஷமும் சொட்டும். நின்னாலும் சொட்டும், தூங்கினாலும் சொட்டும். அடக்கு அடக்குன்னு சொல்லிப் பிரயோசனம் இல்ல. அது வர்றதே நமக்குத் தெரியாது."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "நமக்குன்னா?"

வாத்தக்கா தம்பி மனைவியைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கும் அப்படித்தான். பொறந்ததுலேருந்து."

டாக்டர் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு வயது கேட்டார். காய்ச்சல் அடிக்கடி வருமா, முதுகு வலிக்குமா என்று கேட்டார். இதுவரை ஒரு டாக்டரிடமும் காட்டவில்லையா என்றும் கேட்டார். இதை எப்படி வாய் விட்டுச் சொல்வது என்றாள் வாத்தக்கா.

"இப்ப சொன்னீங்களே, அப்படித்தான்," என்றார் டாக்டர். பிறகு இரண்டு பேருக்கும் ஸ்கேன் எழுதினார்.

வெளியே வந்ததும் வாத்தக்கா மறுபடி சுவரில் சாய்ந்து நின்றாள். தம்பி மனைவி சுண்டுவின் ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி," என்றாள். "கல்யாணமாகி வந்த வாரமே தெரியும். கேட்டா அக்கா வீட்டை விட்டுப் போயிடும், கேக்காதேன்னு உங்க தம்பி சொன்னாரு. நானும் கேக்கல."

செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னாள். "இவளை அடிச்சதெல்லாம் வேற எதுக்கும் இல்ல. இவளும் உங்களை மாதிரி காலம் பூரா நின்னுக்கிட்டே இருந்துடுவாளோன்னு பயம்."

வாத்தக்கா அந்தச் செருப்பை அவளிடமிருந்து வாங்கி, குனிந்து சுண்டுவின் காலில் மாட்டிவிட்டாள். நிமிரும்போது பாட்டில் விஷயத்தைச் சொன்னாள். தம்பி மனைவி முதலில் முறைத்தாள், பிறகு சிரிப்பு வந்துவிட்டது, பிறகு இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள்.

ஸ்கேன் முடிவு வந்த அன்று தம்பியும் வந்திருந்தான். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். சுண்டுவின் ஒரு சிறுநீரகத்திலிருந்து ஒரு குழாய் இறங்க வேண்டிய இடத்தில் இரண்டு இறங்கின. ஒன்று சரியாகச் சிறுநீர்ப்பைக்குள் போயிற்று. மற்றது பையைத் தாண்டிப் போய், அடக்கி வைக்கிற தசைக்குக் கீழே திறந்திருந்தது. இரண்டும் தனித்தனி வழி. அதனால்தான் ஒரு பக்கம் ஒழுங்காகவும் ஒரு பக்கம் ஓயாமலும் போகிறது என்றார்.

தம்பி தாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "வால்வைத் தாண்டிக் கனெக்ஷன் குடுத்திருக்கு," என்றான்.

டாக்டர் சிரித்தார். சிரித்ததில் தும்மல் வந்துவிட்டது. அதேதான், தப்பாகப் போன குழாயை வெட்டிப் பக்கத்துக் குழாயோடு சேர்த்துத் தைத்துவிட்டால் போதும் என்றார். வயிற்றில் சின்னக் கீறல்தான். தம்பி சிரிக்கவில்லை. ஊரார் வீட்டுக் கசிவையெல்லாம் தேடித் தேடி அடைப்பவன், படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

வாத்தக்காவுக்கும் அதே கோளாறு, அதே பக்கம். தப்பான குழாய் புறப்படுகிற சிறுநீரகத்தின் மேல்துண்டு, இத்தனை வருடத்தில் சுருங்கிப் போயிருந்தது. அதை மட்டும் எடுத்துவிட்டால் சொட்டு நின்றுவிடும். இது சில குடும்பங்களில் தொடர்ந்து வரும், வேறு யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் ஒரே ஆளை நினைத்தார்கள். அப்பாவின் அக்கா. பின்கதவு ஓரம் வெறுந்தரையில் படுப்பாள், தனித்தட்டில் சாப்பிடுவாள். சுத்தமில்லாதவள், கிட்டே போகாதே என்று சொல்லி இவர்களை வளர்த்திருந்தார்கள்.

சுண்டுவுக்குத்தான் முதலில் ஆபரேஷன் நடந்தது. வார்டில் இடுப்பில் டியூபோடு படுத்திருந்தவள், வருகிற நர்ஸிடமெல்லாம் இது அப்பா போட்ட பைப் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டியூபை எடுத்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, தம்பி மனைவி மகளின் மெத்தையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். நம்பாமல் குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தாள். அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டாள். சுண்டு எழுந்ததும் தண்ணீர் கேட்டாள். ஒரு தம்ளர் குடித்து, இன்னொன்று கேட்டு, மூன்றாவது பாதியில் ஏப்பம் விட்டாள்.

வாத்தக்கா தனக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். பாதி வயதுக்கு மேல் ஓடிப்போயிற்று, இனி எதற்கு என்றாள். மீதி இருக்கிறதே அண்ணி, அதை யார் வந்து வாழ்வது என்று கேட்டாள் தம்பி மனைவி. சலவைக்கூடத்தில் அவ்வளவு நாள் லீவு கிடையாது. ஆள் சப்ளை செய்கிற காண்ட்ராக்டர் இடத்தைப் பிடித்து வைக்க மாட்டான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். சுண்டு சட்டையைத் தூக்கித் தன் தழும்பைக் காட்டி, எறும்பு கடிக்கிற மாதிரிதான் என்று தைரியம் சொன்னாள். அது பச்சைப் பொய் என்று வாத்தக்காவுக்குத் தெரியும். பயந்துகொண்டேதான் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள்.

டியூபை எடுத்த பிறகு வந்த முதல் காலையில் திடுக்கிட்டு விழித்தாள். உடம்பில் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. கீழே தொட்டுப் பார்த்தாள். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, என்னவோ நின்றுபோய்விட்டது என்றாள்.

"நிக்கத்தானேம்மா ஆபரேஷன் பண்ணினது," என்றாள் நர்ஸ்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தம்பி ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தான். வாத்தக்கா விளிம்பில் உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் மெதுவாகப் பின்னால் சாய்ந்தாள். இறங்க வேண்டிய இடம் வந்தபோது தம்பி எழுந்திருக்கவில்லை, அவளையும் எழுப்பவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். வீட்டில் ஒரு புதுத் துணி பிரிக்காமல் இருந்தது. வெளிர் மஞ்சள். தம்பி மனைவி கடைக்குப் போய்த் தானே எடுத்தது.

வேலைக்குத் திரும்பியபோது ஈரப் பகுதியில் அவள் இயந்திரத்துக்கு வேறொரு பெண் வந்திருந்தாள். தவிர, கனமான எதையும் இழுக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வாத்தக்கா குட்டைச் சுவரின் மறுபக்கம் போய், மடிப்பில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். தானாக அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. சூப்பர்வைசருக்கு உண்மையிலேயே சந்தோஷம். உள்ளே போய்க் காண்ட்ராக்டரோடு போனில் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது பிடரியைத் தடவிக்கொண்டே வந்தார்.

இடம் இருக்கிறது. ஆனால் புதுச் சேர்க்கையாகத்தான் எடுப்பார்கள். ஈரப் பகுதியில் பார்த்த வருடங்கள் இந்தப் பக்கம் சேராது. பயிற்சிக்கு வருகிற பெண்களுக்கு உள்ள கூலிதான்.

"முன்னாடியே வந்திருந்தா இந்நேரம் இங்க எல்லாருக்கும் மேல இருந்திருப்பீங்க," என்றார். "நானும் எத்தனை தடவை கேட்டேன்."

"ஆமா, கேட்டீங்க," என்றாள் வாத்தக்கா.

நீள மேஜையில் அவளுக்கு ஓரத்து நாற்காலி கிடைத்தது. சொல்லிக் கொடுக்க ஒரு பெண் வந்தாள். வாத்தக்காவுக்கு ஒரு மகள் இருந்திருந்தால், அந்த வயதுகூட இருக்காது. தலையணை உறையை எப்படி விரிப்பது, எந்த விளிம்பை எந்த விளிம்போடு சேர்ப்பது, எப்படி நீவி மூன்றாக மடிப்பது என்று பொறுமையாகச் செய்து காட்டினாள். உறைகள் உலர்த்தியிலிருந்து இளஞ்சூட்டோடு வந்தன. வாத்தக்கா ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்படிச் சூட்டோடு காய்ந்த துணியின் வாசனை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

விரித்தாள். விளிம்பைச் சேர்த்தாள். உள்ளங்கையால் நீவியபோது சர்ரென்று ஒரு சத்தம் வந்தது. சோப்பிலும் வெந்நீரிலும் ஊறி ஊறி வெடித்திருந்த விரல் தோல், நூலில் மாட்டியிருந்தது. வெள்ளைத் துணியின் குறுக்கே ஓர் இழை இழுபட்டுச் சுருங்கி நின்றது. நனைந்த துணியில் அது ஒருநாளும் மாட்டியதில்லை.

அந்தப் பெண் சூப்பர்வைசர் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த உறையை மடித்து அடுக்குக்கு அடியில் செருகினாள். வாத்தக்காவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கையால நீவினா எல்லாத்துலயும் இழுக்கும்மா," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

வாத்தக்கா சரி என்று தலையாட்டினாள். அடுத்த உறையை எடுத்தாள். விரல்களையெல்லாம் மேலே தூக்கிக்கொண்டு, புறங்கையால் அதை மெதுவாக நீவி, மணிக்கட்டால் ஒதுக்கி, மூன்றாக மடித்தாள். ஓர் உறைக்கே வெகுநேரம் ஆயிற்று. பக்கத்து நாற்காலிப் பெண்கள் அதற்குள் ஆளுக்கு ஓர் அடுக்கு முடித்திருந்தார்கள்.